டிபி பெட்டி புதிது, வயர் பழையது: பழைய வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பினாங்கில் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் சாயம் பூசுகிறவர்களும் வயர்மேன்களும் வந்து போகத் தொடங்கிவிடுவார்கள். அறைக்கு அறை குளிர்சாதனம், குளியலறைக்கு ஹீட்டர், அடுப்படிக்கு ஓவன் என்று பட்டியல் நீளும். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக நிற்கும் மரப்பலகையைக் கழற்றிவிட்டுப் பளபளப்பான டிபி பெட்டி (மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிரேக்கர் பெட்டி) ஒன்றை மாட்டினால் வீடு புதிதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியின் வேலை வயரைக் காப்பது. அந்த வயரே இற்றுப்போயிருந்தால் புதுப் பெட்டி சுவருக்கு அழகு, அவ்வளவுதான்.

மிகப் பழைய வீடுகளில் ரப்பர் உறை போட்ட வயர்கள் இன்னும் சுவருக்குள் கிடக்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒரு சுவிட்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். உள்ளே தள்ளியிருக்கும் பகுதி நன்றாகத்தான் தெரியும். திருகில் மாட்டியிருக்கும் நுனியிலோ ரப்பர் கருகி, வெடித்து, விரலால் ஒருமுறை வளைத்தாலே பொடிப்பொடியாக உதிரும். வெறும் கம்பி கையில் நிற்கும். இந்த வயரை இழுத்துப் புதுப் பெட்டியில் மாட்டுவது இருக்கிற கேட்டைக் கூட்டுவதற்குச் சமம். பெட்டி வாங்கும் முன் ஒவ்வொரு இணைப்பையும், வயர் உறையின் தடையை அளக்கும் மெகர் கருவியில் 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அளவு 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் பேரம் பேச ஒன்றுமில்லை, வயரை மாற்றத்தான் வேண்டும்.

இப்படி உரித்த வயர் வெள்ளையாக மின்னுவதைப் பார்த்து 'அலுமினியம்' என்று பதறுகிறவர்கள் உண்டு. வீட்டுக்குள் அலுமினிய வயர் ஓடுவது பெரும்பாலும் அமெரிக்கா, கனடா நாட்டுத் தலைவலி. செம்பின் விலை ஏறியதால் 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அங்கே பல வீடுகளில் அதைப் போட்டார்கள். அலுமினியம் சூட்டில் கூடுதலாக விரியும். திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி இடம் விடும். மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். இணைப்பு தளர்ந்து சூடாகிக் கடைசியில் பற்றிக்கொள்ளும். நம் பழைய ரப்பர் வயரில் மின்னுவது பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய செம்பு. ரப்பரில் உள்ள கந்தகம் செம்பை அரிக்காமல் இருக்க அந்தப் பூச்சு. சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும்.

இன்று கவனிக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது: மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். மலிவாகக் கிடைக்கிறது என்று எடை குறைந்த வயர்ச்சுருளை வாங்கினால் அமெரிக்கர்கள் விட்டொழிக்கப் பார்க்கும் தொல்லையை நாம் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்ததாகும். சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நுனியை வெட்டி, வெட்டுமுகமும் பாருங்கள்.

உண்மையான அலுமினியம் தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிளில் இருக்கிறது. கூரை விளிம்பில் அது செம்போடு சேரும் இடம் தளர்ந்தால் வீடு முழுக்க விளக்குகள் மங்கிப் பிரகாசிக்கும். அங்கே ஏணி போட்டு ஏறாதீர்கள். அது மின்சாரம் தரும் தெனாகா நேஷனலின் பகுதி, 15454க்கு அழையுங்கள். மீட்டரின் முத்திரையையும் தொடக் கூடாது.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்றால் '20 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடலாம்' என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் விளக்கு வயரில் 32 ஆம்பியர் பிரேக்கர் இருந்தால் வயர் உருகும்வரை பிரேக்கர் அசையாது. 3,600 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். அதை விளக்கு வயரிலிருந்து கிளை பிரித்துக் கொடுக்காமல் டிபியிலிருந்து தனி வயர் இழுத்துத் தனி பிரேக்கர் வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த். மலேசியாவில் தரை வீடுகளுக்கு எர்த் கம்பி தெருவிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு வீடும் தன் வாசலில் தனிக் கம்பி அடித்துக்கொள்ள வேண்டும். முந்தைய தலைமுறையில் சிலர் அதைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டார்கள். குழாய் இரும்பாக இருந்தவரை ஓடியது. பிறகு துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுக் கருப்புப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். பச்சை வயர் இன்றும் பின்சுவரில் ஒரு துண்டு இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு அப்பால் மண்ணோடு தொடர்பே இல்லை. கம்பி அடித்த வீடுகளிலும் கடற்காற்றில் கவ்வி பச்சை பூத்து, தொட்டால் கழன்று வரும்.

எர்த் நன்றாக இருந்தாலும் பிரேக்கரை மட்டும் நம்ப முடியாது. மண்ணின் தடை 10 ஓம் என்றால் 230 வோல்ட்டில் கசிந்து போவது 23 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குளிர்பதனப் பெட்டியின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி இங்கே கட்டாயம். சாக்கெட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர், குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் என்று போடுவதே முறை. இடி இடித்தால் விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுத்துவிட்டுப் போகும் வயர்மேனை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று விழுந்தது, ஆகவே எர்த் இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. அந்தப் பொத்தான் எர்த்தைத் தொடுவதே இல்லை. கருவி உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மலிவான சோதனைக் கருவியும் ஏமாறும். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருந்தால் அது 'சரி' என்றே காட்டும். என்றாவது நியூட்ரல் அறுந்தால் சலவை இயந்திரத்தின் உடலே மின்கம்பி. எர்த் கம்பியின் தடையை அதற்குரிய கருவியால் அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.

வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த குத்தகையாளரிடமே கொடுங்கள். முடிந்ததும் ஜி, எச் என்ற இரண்டு பாரங்களைத் தகுதிச் சான்று உள்ள வயர்மேன் கையெழுத்திட்டுத் தர வேண்டும். முதலாவது மேற்பார்வைக்கும் நிறைவுக்கும், இரண்டாவது சோதனைக்கும். 'அப்புறம் தருகிறேன் அண்ணே' என்றால் மீதிப் பணத்தையும் அப்புறமே தரலாம்.