கேஸ் மாத்திரையும் மரத்துப்போன காலும்

உணவு ஆலோசனைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் இவை. தண்ணீர் குடியுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். எப்போதோ நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் சில வாரங்களுக்கு எழுதிக்கொடுத்த, வயிற்று அமிலத்தை அடக்கும் பான்டோப்ரசோல், பழைய சீட்டை வைத்தே வருடக்கணக்கில் ஓடும்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வந்தார். சைவம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வேறு. கால் மரத்துப்போகிறது, எப்போதும் அசதி, மறதி. “எல்லாம் சுகர்தான் மேடம்” என்று அவரே முடிவு கட்டியிருந்தார். என்னென்ன மாத்திரை என்று கேட்டபோது கேஸ் மாத்திரையைச் சொல்லவே இல்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை! கூட வந்த மனைவிதான் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். டாக்டரிடம் அனுப்பிப் பரிசோதித்தால், வைட்டமின் பி12 அடிமட்டத்தில் கிடந்தது.

உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தை வருடக்கணக்கில் அடக்கினால் அந்த வேலை குறையும். மெட்ஃபார்மினும் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் பற்றாக்குறை வெளியே தெரியவே காலம் பிடிக்கும். அதற்குள் நரம்பு அடிவாங்கிவிட்டால், ஊசி போட்டாலும் சிலருக்கு முழுதாகத் திரும்பாது.

இன்னொன்று. வயிற்றுப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி காரணமாக இருக்கலாம். அதைக் கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-இல் நோபல் கிடைத்தது. சில நாள் ஆன்டிபயாட்டிக் சிகிச்சையில் ஒழிக்கக்கூடிய கிருமியை, கேஸ் மாத்திரையால் மூடிவைத்துக் காலம் தள்ளுகிறவர்கள் உண்டு.

அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் அமிலம் கொஞ்ச காலம் அதிகமாகச் சுரந்து, ‘இது இல்லாமல் முடியாது’ என்று நம்பவைக்கும். இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுக்கும் சிலருக்கு இது தேவையும்கூட. எதற்கு, எவ்வளவு நாளைக்கு என்று டாக்டரிடமே கேளுங்கள்.

ஒரே நாளில் நார்ச்சத்து

நேற்றுவரை பரோட்டா, இன்று ராகி, கீரை, கொண்டைக்கடலை எல்லாம் ஒன்றாக. வயிறு உப்பத்தான் செய்யும்.

இட்லியில் நல்ல பாக்டீரியா

மாவில் இருந்தது, ஆவியில் செத்துப்போனது. தயிர், பழைய சோறு என்றால் சரி.

பேதிக்கு, மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்

கூடாது. ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் குடியுங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து. ரத்தம் கலந்து போனால் உடனே ஆஸ்பத்திரி.