சிக்னல் எங்கே தொலைகிறது? வீட்டிலும் வயலிலும் கம்பியில்லாத் தொடர்பைச் சரிசெய்யும் வழிகள்

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில், வாசல் திண்ணையில் நன்றாகக் கிடைக்கும் கைப்பேசித் தொடர்பு, பட்டாசாலையைத் தாண்டி அடுப்படிக்குப் போவதற்குள் அறுந்துவிடுகிறது. நாகமலைப் புதுக்கோட்டையில் மாடி வீடு கட்டியவர், கீழே வைத்திருக்கும் வைஃபை பெட்டி மாடியில் படிக்கும் பிள்ளைக்கு எட்டவில்லை என்கிறார். மேலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் மோட்டாரைப் போடுவதற்குக் கைப்பேசியில் அழைக்கிறார். கிணற்றடியில் மோட்டார் அசையாமல் கிடக்கிறது. மூவருக்கும் சிக்கல் ஒன்றுதான்: அலை கிளம்பிய இடத்துக்கும் சேர வேண்டிய இடத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று அதை உறிஞ்சுகிறது அல்லது திருப்பி அடிக்கிறது. அது எது என்று கண்டுபிடித்தவர் பெரும்பாலும் செலவில்லாமலே சரிசெய்துகொள்கிறார்; கண்டுபிடிக்காதவர் புதுப்புதுப் பெட்டிகளாக வாங்கிக் குவிக்கிறார். ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றையே இங்கே முதலில் எழுதுகிறேன்.

அலையின் குணம்

வானொலி அலையும் வெளிச்சமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இதை மேக்ஸ்வெல் 1860-களில் கணக்கிட்டுச் சொன்னார். ஹெர்ட்ஸ் 1880-களின் இறுதியில் சோதனையில் காட்டினார். ஆனால் வெளிச்சம் சுவரில் நின்றுவிடுகிறது, வானொலி அலை சுவரைக் கடக்கிறது. 1895-இல் ஜகதீச சந்திர போஸ் கொல்கத்தாவில் பலர் முன்னிலையில் அலைகளைச் சுவர்களுக்கு ஊடாக அனுப்பி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். நம் வீட்டு அறைக்குள் கைப்பேசி மணி அடிப்பது அதே நிகழ்ச்சிதான் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

எல்லா அலைகளும் ஒரே அளவுக்குச் சுவரைக் கடப்பதில்லை என்பதுதான் நடைமுறைக்கு முக்கியமானது. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி, மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பியபோது, அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 320 மீட்டர். நாகமலை போன்ற குன்றுத்தொடர் அதற்குப் பெரிய தடையே இல்லை, நிலத்தைத் தழுவிக்கொண்டு வளைந்து வந்துவிடும். கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர்தான். அது அவ்வளவு வளையாது. ஆனால் ஒலிபரப்புக் கோபுரம் மலைமேல் இருப்பதால் தேனி, திண்டுக்கல், மதுரை என்று சமவெளி முழுவதையும் நேராகப் பார்த்து அனுப்புகிறது. வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12 சென்டிமீட்டர். 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் தொடங்கப்பட்ட 5ஜி சேவையில் பரவலாகப் பயன்படும் 3.3 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 9 சென்டிமீட்டர். அதிர்வெண் கூடக்கூட, அலை சுமந்து வரும் தகவல் கூடுகிறது. சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைகிறது. தெருவில் 5ஜி காட்டும் கைப்பேசி வீட்டுக்குள் 4ஜிக்கு இறங்குவது இதனால்தான். அது கைப்பேசியின் பழுது அன்று.

தடைகளில் உலோகமே முதலாவது: தகரக் கூரை, இரும்பு பீரோ, கம்பி கட்டிய கான்கிரீட் தளம், பின்புறம் பூச்சுள்ள நிலைக்கண்ணாடி ஆகியவை அலையைத் திருப்பி அடிக்கின்றன. அடுத்தது தண்ணீர்: மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி, மழையில் ஊறிய சுவர், ஏன், கூடி நிற்கும் மனிதர்களின் உடலும்கூட அலையை உறிஞ்சும். கனமான செங்கல் சுவரும் கல் சுவரும் அதற்கு அடுத்தவை. மரக்கதவும் திறந்த சன்னலும் ஏறக்குறைய தடையே இல்லை.

கோடுகளை நம்பாமல் அளந்து பாருங்கள்

கைப்பேசியின் மேல்மூலையில் தெரியும் நான்கு கோடுகளைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில், செட்டிங்ஸில் கைப்பேசியைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்று ஒன்று இருக்கும். அங்கே சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு காட்டப்படும். எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் −90 வரை நல்ல தொடர்பு, −100 சுமார், −110-க்குக் கீழே போனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். இந்த அளவில் 10 குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். −90 இருந்த திண்ணையிலிருந்து −110 உள்ள அடுப்படிக்குப் போனால், வந்து சேர்வது நூறில் ஒரு பங்குதான்.

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் கிறுக்கலாகப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வைஃபைக்கும் இதே போல் வலிமையைக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. −67 அளவில் இருந்தால் காணொளி அழைப்பு தடங்கலின்றி நடக்கும். எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ, அதற்கு முந்தைய சுவரோ பீரோவோதான் குற்றவாளி. அரை மணி நேரம் செலவாகும் இந்த வேலையைச் செய்யாமல் மேலே படிப்பதில் பயனில்லை என்றே சொல்வேன்.

வைஃபை பெட்டியை வைக்கும் இடம்

இணைப்புக் கொடுக்க வருபவர், கம்பி நுழையும் வாசல் மூலையிலேயே பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு அது சுலபம். ஆனால் அலையில் பாதி தெருவுக்குப் போகிறது. எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. பிறகு கூடுதலாகப் பதினைந்து மீட்டர் ஒளியிழைக் கம்பியை இழுக்கச் சொல்லி, பெட்டியை நடுக்கூடத்தில் ஆளுயரத்துக்கு மேலே மாட்டினோம். மாடிக்கென்று வாங்க நினைத்திருந்த இன்னொரு பெட்டி தேவைப்படவே இல்லை. வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதே விதி. தொலைக்காட்சியின் பின்னால், பீரோவின் மேல், அழகுக்காகச் செய்த அலமாரிக்குள், மீன்தொட்டியின் பக்கத்தில் வைக்கக் கூடாது.

பெட்டியின் மேலுள்ள குச்சிகளைப் பலர் விசிறி போல் விரித்து வைக்கிறார்கள். குச்சியிலிருந்து அலை அதன் பக்கவாட்டில் நாலாபுறமும் பரவுகிறது. நுனி நோக்கிய திசையில் மிகக் குறைவாகவே போகிறது. ஆகவே ஒரே தளமுள்ள வீட்டில் எல்லாக் குச்சிகளும் நேராக நிற்கட்டும். மாடிக்கும் வேண்டுமானால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

இன்றைய பெட்டிகளில் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைக்கற்றைகள் இருக்கும். பெட்டி இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5-ஐப் பயன்படுத்துங்கள், வேகம் கிடைக்கும். இரண்டு சுவர் தள்ளியும் மாடியிலும் 2.4-தான் எட்டும். இந்தியாவில் 2005 முதல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கற்றையை உரிமம் இல்லாமலே குறைந்த ஆற்றலில் யாரும் பயன்படுத்தலாம்; வீடுதோறும் வைஃபை வந்ததற்கு அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதே இடத்தில் புளூடூத் கருவிகளும் இயங்குகின்றன, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே இரைச்சல் போடுகிறது. பல வீடுகள் சேர்ந்த அடுக்கங்களில் பக்கத்து வீட்டு வைஃபையே பெரிய இடையூறு. பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று 1, 6, 11 ஆகிய மூன்று வழித்தடங்களில் எது காலியாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. புளூடூத்துக்கு இந்தக் கவலை குறைவு, ஏனெனில் அது 79 வழித்தடங்களுக்குள் நொடிக்கு 1600 முறை வரை தாவிக்கொண்டே இருக்கிறது.

அமைப்புப் பக்கத்துக்குப் போயிருக்கும்போதே, பெட்டியோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். விருந்தினருக்குத் தனிப் பெயரில் இணைப்புக் கொடுக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துவது நல்லது.

மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடுகிறது என்று வருந்துவோர், பெட்டிக்கென்று கிடைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு (பெரும்பாலும் 12) அதே அளவாகவும், ஆம்பியர் அளவு அதற்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஒளியிழைக் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மின்னல் பெரும்பாலும் மின்கம்பி வழியாகவே வந்து பெட்டியைப் பொசுக்குகிறது.

வீட்டுக்குள் கைப்பேசி பேச வேண்டுமானால்

தடித்த சுவர் வீட்டை இடிக்க முடியாது. ஆனால் கைப்பேசியில் வைஃபை காலிங் என்ற வசதியை இயக்கலாம். 2019-இன் இறுதியில் இந்தியாவில் அறிமுகமான இந்த முறையில், சாதாரண அழைப்பே வீட்டு வைஃபை வழியாகச் செல்கிறது. தனிச் செயலி வேண்டாம், எதிரில் பேசுபவருக்கும் எதுவும் தேவையில்லை. இதைச் செய்து கொடுத்த பிறகு, எங்கள் அத்தை பேசுவதற்காக வெயிலில் மொட்டை மாடிக்கு ஏறுவதை நிறுத்தினார். இதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரியவில்லை.

கடைகளிலும் இணையத்திலும் சிக்னல் பூஸ்டர் என்று விற்கப்படும் கருவிகளை வாங்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை மாட்டுவது சட்டவிரோதம். அதற்கு நியாயமான காரணமும் உண்டு: ஒரு வீட்டுக் கருவி கோபுரத்தை நோக்கி இரைச்சலை எழுப்பினால், அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் தெருவே தொடர்பை இழக்கிறது.

கோபுரக் கதிர்வீச்சைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். இந்தியா 2012 செப்டம்பர் முதல், பன்னாட்டு அளவுகோலில் பத்தில் ஒரு பங்கையே வரம்பாக வைத்திருக்கிறது. கோபுரம் தொலைவில் இருந்தால் கைப்பேசிதான் தன் ஆற்றலைக் கூட்டிக் கத்த வேண்டியிருக்கிறது. சிக்னல் குறைந்த இடத்தில் பேட்டரி விரைவில் தீர்வதும் அதனால்தான். அத்தகைய இடத்தில் நெடுநேரம் பேசுவதானால் காதில் ஒட்டவைக்காமல் ஒலிபெருக்கியில் பேசுங்கள்.

கடையும் திருவிழாவும்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டிகளுக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. அதைத் தகர மேசைக்கு அடியில் தள்ளி வைக்காமல் திறந்த பக்கமாக வைத்தால் அறிவிப்பு தாமதமாகாது. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை சில சென்டிமீட்டருக்குள்தான் வேலை செய்யும். 5,000 ரூபாய் வரை ரகசிய எண் கேட்காது என்பதால், அவ்வசதி வேண்டாதவர்கள் வங்கிச் செயலியில் அதை நிறுத்தி வைக்கலாம்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் அதிகாலையில், முழுக் கோடு காட்டும் கைப்பேசியும் அழைப்பை எடுக்காது. அங்கே குறைவது வலிமை அன்று, இடம். ஒரு கோபுரம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய அழைப்புகளுக்கு எல்லை உண்டு. கரையில் நிற்பவர்களோ லட்சக்கணக்கானோர். பிரிந்தால் எங்கே கூடுவது என்று வீட்டிலேயே ஓர் இடத்தைப் பேசி வையுங்கள். அழைத்து அழைத்துப் பார்க்காமல் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அதற்கு மிகச் சிறிய இடமே போதும். பிள்ளைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் எண்ணை எழுதிய தாளை வைத்துவிடுங்கள். அவசர உதவிக்கு 112.

கிணற்றடியில்

கம்பியில்லாத் தொடர்பால் மிகுதியாகப் பயன் பெற்றவர் யார் என்று கேட்டால், இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது பாம்புக்குப் பயந்துகொண்டு வரப்பில் நடந்த உழவரைத்தான் சொல்வேன். இன்று சிம் பொருத்திய மொபைல் ஸ்டார்ட்டருக்குக் கட்டிலில் படுத்தபடியே ஓர் அழைப்புக் கொடுத்தால் மோட்டார் ஓடுகிறது, மின்சாரம் வந்ததும் போனதும் செய்தியாக வருகிறது.

அது வேலை செய்யவில்லை என்றால் முதலில் சிம்மின் கட்டணக்காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பேசாத எண்ணாதலால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அடுத்து, இப்படிப்பட்ட கருவிகள் பல 2ஜி அலையில் மட்டுமே இயங்குபவை. சில நிறுவனங்களிடம் 2ஜி சேவையே இல்லை. ஆகவே கருவியின் கையேட்டைப் பார்த்த பின்பே சிம் வாங்க வேண்டும். மூன்றாவது, நான் கண்டவற்றில் அடிக்கடி நிகழும் தவறு: ஆண்டெனாவை இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்துக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். மேலே சொன்னபடி உலோகம் அலையை உள்ளே விடாது. பெட்டியின் பக்கத்தில் துளையிட்டு ஆண்டெனாவை வெளியே எடுத்து, மோட்டார் அறைக்குத் தகரக் கூரையானால் கூரைக்கு மேலேயே குழாய் ஒன்றில் கட்டி நிறுத்துங்கள். யானைமலை, நாகமலை போன்ற குன்றுகளின் மறைவில் உள்ள தோட்டங்களில், எந்த நிறுவனத்தின் கோபுரம் குன்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்று அரசின் தரங் சஞ்சார் தளத்தில் பார்த்துக்கொண்டு சிம்மைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உங்கள் வீட்டாரின் எண்களை மட்டும் கருவியில் பதிந்து வையுங்கள். தவறிய அழைப்பு ஒன்று நள்ளிரவில் வற்றிய கிணற்றில் மோட்டாரை ஓட்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. தொலைவிலிருந்து யாராலும் ஓட்ட முடிகிற மோட்டாரை, பக்கத்தில் நிற்பவர் நின்றுபோன மோட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. கிணற்றில் இறங்கிப் பழுது பார்ப்பவர், வீட்டுக்குப் பேசிச் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடாமல், மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கித் தன்னோடு எடுத்துக்கொண்ட பிறகே படியில் கால் வைக்க வேண்டும்.