நோட்டில் இல்லாத ஆள்: இளைஞர்களோடு பணியாற்றுபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளைஞர்களோடு பணியாற்றும் பலரிடம் ஒரு நோட்டு இருக்கும். அன்றைய சந்திப்பு முடிந்ததும் நாலு வரி எழுதிவைப்பார்கள். என்னுடைய பழைய நோட்டை அண்மையில் புரட்டினேன். 'இன்று யாருக்கும் ஆர்வமில்லை.' 'இருவர் தாமதம்.' 'கடைசி வரிசை பேசிக்கொண்டே இருந்தது.' பக்கம் பக்கமாக அவர்களைப் பற்றித்தான். நான் என்ன செய்தேன் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. சுயபரிசீலனை என்ற பெயரில் வருகைப் பதிவேடு எழுதியிருக்கிறேன்.

அனுபவத்தைத் திரும்பிப் பார்த்துக் கற்பதற்காகக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் முன்வைத்த சுயபரிசீலனைச் சுழற்சியில் ஆறு படிகள் உண்டு. நடந்ததை விவரிப்பது முதல் படி மட்டுமே. அப்போது என்ன உணர்ந்தோம், எது சரியாக வந்தது, ஏன் அப்படி ஆயிற்று, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வோம் என்று மற்ற ஐந்தும் நம் பக்கம் திரும்புகின்றன. நம்மில் பலர் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. 'நான் நல்ல வழிகாட்டிதானா?' என்று இரவெல்லாம் குமைவது. இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. சிறிதாகக் கேளுங்கள்: இன்று எந்த நிமிடத்தில் பேச்சு நின்றது, அதற்கு முன் நான் என்ன சொன்னேன்?

அனைவரின் சம்மதத்தோடும் ஒரு சந்திப்பை ஒலிப்பதிவு செய்து கேட்டேன். "உங்களுக்கு எது கடினமாக இருக்கிறது?" என்கிறேன். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை, "நேரம் போதவில்லை, இல்லையா?" என்று நானே முடித்துவைக்கிறேன். எல்லோரும் "ஆமாம்" என்கிறார்கள். அன்றைய நோட்டில் 'நல்ல கலந்துரையாடல்' என்று இருக்கிறது! கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் கண்டறிந்தார். 3 விநாடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன. கேட்பதற்கு எளிது, அந்த மூன்று விநாடி மௌனத்தைத் தாங்கிப் பாருங்கள், தெரியும்.

'அவர்களே திட்டமிட்டார்கள்' என்று எழுதும்போதும் பேனாவைச் சற்று நிறுத்த வேண்டும். ஒருமுறை நானும் அப்படித்தான் எழுதினேன். சுவரில் ஒட்டிய தாளில் ஐந்து தலைப்புகளும் என் கையெழுத்தில், அவர்கள் வருவதற்கு முன்பே எழுதியவை. அவர்கள் வண்ணம் தீட்டினார்கள். குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக 1992-இல் யுனிசெஃபுக்காக விளக்கிய ரோஜர் ஹார்ட், கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே கணக்கில் எடுக்கவில்லை. அவற்றில் ஒன்றின் பெயர் 'அலங்காரம்'. எனக்கென்றே வைத்த பெயர் போலிருந்தது.

'உன் வயதில் நான்' என்று தொடங்கும் வாக்கியத்தைப் பாதியில் விழுங்கிவிடுவது நல்லது. உங்கள் இளமை உங்களுக்கு வாய்த்தது. அது அளவுகோல் அல்ல.

மிகவும் ஆபத்தானது, பிடித்தமானவராக இருக்கும் ஆசை. "யாரிடமும் சொல்லமாட்டேன், சொல்" என்ற வாக்குறுதி அதிலிருந்துதான் பிறக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை தனக்கு நேரும் கொடுமையைச் சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "உனக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்றால் நான் சொல்லியாக வேண்டும். யாரிடம் சொல்கிறேன் என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன்." இதைக் கேட்டுச் சிலர் பேசாமல் போகலாம். ஏமாற்றிப் பேசவைப்பதற்கு அது மேல்.

இன்னொன்று, இதையெல்லாம் தனியாகவே செய்துகொள்வது. சக பணியாளர் ஒருவர் மாதம் ஒருமுறை உடனிருந்து கவனித்தால் நிறைய வெளிச்சமாகும். அதைவிட, இளைஞர்களிடமே கேட்கலாம். 'நான் எப்படி?' என்றால் மரியாதைக்கு "நன்றாக இருக்கிறது" என்பார்கள். நான் எதை நிறுத்த வேண்டும் என்று பதினேழு வயதுப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். இந்தமுறை வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

"கேள்வி கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதை" என்றாள்.