சீரியல் போர்ட்டில் பைனரி அனுப்பினால் பைட் மாறுகிறதா?

லினக்ஸ் ஓடும் சின்ன போர்டிலிருந்து சீரியல் போர்ட் வழியே டெக்ஸ்ட் ஒழுங்காகப் போகிறது, பைனரி ஃபைல் மட்டும் கெட்டுப்போகிறது என்றால் பாட் ரேட்டை (அனுப்பும் வேகத்தை) விட்டுவிட்டு டிடிஒய் (tty, லினக்ஸில் சீரியல் போர்ட்டைக் கையாளும் அடுக்கு) அமைப்பைப் பாருங்கள். அது இயல்பில் டெர்மினலுக்கானது: 10 என்ற பைட்டை அனுப்பினால் அதற்கு முன்னால் ஒரு 13 தானாகச் சேரும், பெறும் பக்கத்தில் வரும் 13 பத்தாக மாறும், 17, 19 இரண்டையும் ஃப்ளோ கன்ட்ரோல் (அனுப்பு, நிறுத்து என்ற சைகை) என்று நினைத்து விழுங்கிவிடும், அதிலும் 19 வந்தால் அனுப்புவதே நின்றுபோகும். சி நிரலில் என்றால் போர்ட்டைத் திறந்ததும், இந்த மாற்றங்களை எல்லாம் நிறுத்தும் சிஎஃப்மேக்ரா (cfmakeraw) ஃபங்ஷனைப் போடுங்கள். அது அமைப்புகளை வைத்திருக்கும் ஸ்ட்ரக்சரை மட்டும்தான் மாற்றும், டிசிசெட்ஆட்டரையும் (tcsetattr) அழைத்தால்தான் போர்ட்டுக்குப் போய்ச் சேரும். ஷெல்லில் என்றால் எஸ்டிடிஒய் ரா (stty raw) கட்டளை மட்டும் போதாது, எக்கோவை (வந்த பைட்டை அப்படியே திருப்பி அனுப்புவதை) தனியாக நிறுத்த வேண்டும். அப்புறம் 0 முதல் 255 வரை எல்லா பைட்டையும் அனுப்பி மறுமுனையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.