இரண்டு வயசுக் குழந்தையோடு ஸ்ரீரங்கத்துக்குக் குடிவருகிறீர்களா?

வேளச்சேரியில் லிஃப்ட் வைத்த நான்காவது மாடி வீட்டிலிருந்து ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். மனைவிக்குத் திருச்சியில் கல்லூரி வேலை. எனக்கு வீட்டிலிருந்தே லேப்டாப் வேலை. ஆகவே காலை எட்டரை வரைக்கும், சாயந்திரம் ஐந்துக்கு மேலேயும் மகள் என் பொறுப்பு. இரண்டு வயசு நிறைந்தவள், நன்றாக ஓடுவாள், "வேணாம்" என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்வாள்.

குடிவந்ததுமே சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "குழந்தைக்கு ராஜகோபுரம் காட்டினியா? மலைக்கோட்டை ஏறினியா?" ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை பெரியவர்களுடையது. குழந்தைக்கு வாசல், தெருமுனை, பால் பூத் எல்லாமே புது ஊர்தான். முதலில் அந்தத் தெரு அவளுடையதாகட்டும். கோபுரம் எங்கேயும் போய்விடாது.

தூளி முதலில், புத்தக அலமாரி கடைசியில்

லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கியதும் சமையலறையைத்தான் முதலில் பிரிப்பார்கள். நான் தூளியை முதலில் கட்டச் சொல்வேன். பழைய வீட்டில் எந்தப் புடவையில் தூங்கினாளோ அதே புடவை, துவைக்காமல். அம்மாவின் வாசனையும் பழைய அறையின் வாசனையும் அதில் இருக்கும். உத்தரத்துக் கொக்கி எத்தனை வருஷத்துப் பழசென்று யாருக்கும் தெரியாது. அதனால் பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்த பிறகே குழந்தையைப் போடுங்கள். தூளியை விட்டுவிட்டு மெத்தைக்கு மாற்றுவது, பாட்டிலை நிறுத்துவது, டயப்பரை விடுவது இதையெல்லாம் வீடு மாறுகிற மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் போதும்.

அப்புறம் ஆபத்துகள். அடுக்குமாடியிலிருந்து தனி வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இவை புதுசு. கொல்லைக் கிணற்றுக்குப் பூட்டு வைத்த இரும்புக் கம்பி மூடி வேண்டும். சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடியைப் பார்ப்பது அதைவிட முக்கியம். வெறும் சிமெண்ட் பலகையைத் தள்ளி மூடியிருந்தால் குடிவரும் முன்பே வீட்டுக்காரரிடம் பேசிக் கொண்டி வைத்த மூடியாக மாற்றச் சொல்லுங்கள். பாத்ரூம் வாளியை எப்போதும் கவிழ்த்து வையுங்கள். தலைகுப்புற விழும் குழந்தைக்குக் கால் வாளித் தண்ணீரே ஆபத்து.

பழைய கதவுகளில் உள்பக்கம் கீழேயும் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். சரியாக இரண்டு வயசுக் கைக்கு எட்டும் உயரம். குழந்தை உள்ளே போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும், நீங்கள் வெளியே நின்று அழுவீர்கள். திருகாணியைக் கழற்றி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் துணிக்கயிற்றால் இறுகக் கட்டுங்கள். நிலைப்படி உயரமாக இருக்கிறதே என்று மட்டும் கவலைப்பட வேண்டாம், தாண்டக் கற்றுக்கொள்வார்கள். திண்ணையிலிருந்து இறங்க ஒரு வித்தை உண்டு. குப்புறப் படுத்து, காலை முதலில் தொங்கவிட்டு, தரை தட்டுப்பட்டதும் கையை விடுவது. அதை வந்த அன்றைக்கே விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள்.

தண்ணீர் பற்றி வீட்டுக்கார மாமி சொன்னார்: "தண்ணி மாறினா குழந்தைக்கு வயிறு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், பதறாதேள்." பதறவில்லை. ஆனால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான் கொடுக்கிறோம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் வீட்டில் இருக்கிறது. மூத்திரம் குறைந்து, குழந்தை சோர்ந்து படுத்தால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டர்தான்.

காகித வேலை ஒன்றே ஒன்று அவசரம்: தடுப்பூசி அட்டை. 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய முத்தடுப்பு பூஸ்டரும், தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் வீடு மாறும் கலவரத்தில்தான் தவறிப்போகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை ஊசி நாள். அட்டையோடு ஒரு புதன் போய்ப் பதிவு செய்துவிட்டால், ஐந்து வயசு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ சொட்டுமருந்தும் விட்டுப்போகாது. அப்படியே பக்கத்து அங்கன்வாடி எது என்றும் கேட்டு வையுங்கள். இரண்டு வயசிலிருந்து அங்கே முன்பருவக் கல்வி உண்டு. சேர்க்காவிட்டாலும், அவள் வயசுக் குழந்தைகள் தெருவில் எத்தனை பேர் என்று அந்த அக்காவுக்குத்தான் தெரியும்.

ஒரே சுற்று, தினமும்

காலை ஆறரைக்குக் கிளம்புவோம். வாசல் கோலம், ஆவின் பூத், முனைவீட்டுப் பசுமாடு, பூக்காரப் பாட்டி, இஸ்திரி வண்டி, வீடு. பெரியவர் நடந்தால் பத்து நிமிஷத்து வேலை. இரண்டு வயசு நடந்தால் முக்கால் மணி நேரம், ஏனென்றால் நடுவில் சாக்கடை மூடி, எறும்பு, யாரோ நிறுத்திய சைக்கிள் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் அவளுக்குத் தைரியம். "இப்ப யாரு வருவா?" என்று கேளுங்கள். அவளே "பாட்டி" என்று சொல்லும் நாளில் அந்தத் தெரு அவளுடையது.

பூக்காரப் பாட்டியும் இஸ்திரி அண்ணனும் வெறும் வேடிக்கைக்கு இல்லை. குழந்தை வாசல் தாண்டி ஓடினால் முதலில் பார்க்கப் போவது அவர்கள்தான். இது யார் வீட்டுக் குழந்தை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். தினமும் இரண்டு முழம் பூ வாங்குவதற்கு அதுவே போதுமான காரணம்.

"பழைய வீட்டுக்குப் போலாம்" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். அங்கே லிஃப்ட் இருந்தது, பக்கத்து வீட்டு அண்ணா இருந்தான், இப்போது அங்கே வேறு பாப்பா இருக்கிறாள், நம் தூளி இங்கே இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னால் கேட்டுக்கொள்வாள். மறுபடி கேட்பாள். மறுபடி சொல்லுங்கள்.

கோயிலுக்கு: ஒரு தடவைக்கு ஒன்று

தெரு பழகிய பிறகுதான் கோயில். ஏழு பிராகாரங்களில் வெளி மூன்றும் வீடும் கடையுமான வீதிகள்தான். அதனால் அடையவளஞ்சானில் குடியிருந்தாலே பாதிக் கோயிலுக்குள் இருக்கிறோம் என்று மாமி சொல்வார். 1987-ல் கட்டி முடித்த தெற்கு ராஜகோபுரத்துக்கு 236 அடி. அந்த உயரம் இரண்டு வயசுக் கண்ணில் விழாது. அடியில் பலூன் விற்பவர்தான் விழுவார். பலூன் வாங்கித்தருவதா இல்லையா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

ரங்கா ரங்கா கோபுரத்துக்கு உள்ளே செருப்பு கிடையாது. பகல் பத்து மணிக்கு மேல் கல்தரை கொதிக்கும், பிஞ்சுக் கால் தாங்காது. சாயந்திரம் ஐந்தரைக்குப் பிறகு போங்கள். அப்படியும் தரையை முதலில் உங்கள் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள்.

உள்ளே போனால் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். ஒரு நாள் ரங்கவிலாச மண்டபத்தில் உட்கார்ந்து ஆட்களைப் பார்ப்பது. இன்னொரு நாள் சேஷராயர் மண்டபம். முன்கால் தூக்கி நிற்கும் கல் குதிரைகளைப் பார்த்துவிட்டு என் மகள் வீடு வரைக்கும் குளம்படிச் சத்தம் எழுப்பிக்கொண்டே வந்தாள். வேறொரு நாள், பெரிய வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய கருடன். சில குழந்தைகள் கருடனைப் பார்த்துப் பயப்படும். அப்படியானால் தூரத்திலிருந்தே கும்பிட்டுத் திரும்பிவிடுங்கள், கிட்டே கொண்டுபோய்ப் "பார், பார்" என்று வற்புறுத்தாதீர்கள். யானையையும் தள்ளி நின்று பார்த்தால் போதும். துதிக்கையால் ஆசீர்வாதம் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. மூலவர் தரிசன வரிசை இந்த வயசுக்கு ஆகாது. தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்தால் அவர்கள் வரிசையில் நிற்கட்டும், நீங்கள் மண்டபத்தில் குழந்தையோடு இருங்கள். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் அந்தப் பக்கமே வேண்டாம்.

தள்ளுவண்டி? விற்றுவிடலாம். நடைபாதை இருக்கும் இடத்தில் ஸ்கூட்டர் நிற்கிறது, ஸ்கூட்டர் இல்லாத இடத்தில் படி இருக்கிறது. துணிக் கேரியரும் இடுப்பும்தான் இங்கே வண்டி.

பஸ், ரயில், ஆறு

எனக்கு மிகவும் பிடித்த பயணத்துக்குச் செலவு குறைவு. ஸ்ரீரங்கத்தில் 1-ஆம் நம்பர் டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவது. அவ்வளவுதான். ஐந்து வயசு வரை அரசுப் பேருந்தில் குழந்தைக்கு டிக்கெட் இல்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் இல்லை. ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கும். பாலத்தில் ஆறு, எதிரே மலைக்கோட்டை, அதிர்ஷ்டமிருந்தால் பக்கத்து ரயில் பாலத்தில் ஒரு ரயில். இறங்கிய இடத்தில் கடை கண்ணி பார்க்காமல் திரும்புங்கள். அவளைப் பொறுத்தவரை பயணமே ஊர்.

ரயில் பைத்தியம் பிடித்த குழந்தைக்கு ஸ்ரீரங்கம் ரயில் நிலையம் வரப்பிரசாதம். பிளாட்ஃபார டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்காருங்கள். பல்லவன், வைகை எல்லாம் இந்த வழிதான். பெஞ்ச் சுவரோரமாக இருக்கட்டும். நிற்காமல் பறக்கும் வண்டி வரும்போது குழந்தை மடியில் இருக்க வேண்டும், ஹாரனுக்குக் காதைப் பொத்தத் தயாராக இருங்கள்.

பைக்கில் போகிறவர்களுக்கு: 9 மாதம் முதல் 4 வயசு வரையுள்ள குழந்தைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் சின்ன ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது மத்திய அரசு விதி. டேங்க் மேல் உட்கார வைத்துப் போகும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை.

அம்மா மண்டபம் படித்துறைக்கு ஒரே நிபந்தனை: ஆற்றில் தண்ணீர் ஓடினால் குழந்தை இடுப்பை விட்டு இறங்கக்கூடாது. மேட்டூரில் இருப்பு போதுமானதாக இருந்தால் ஜூன் 12-ல் அணை திறப்பார்கள். அடுத்த சில நாட்களில் தண்ணீர் இங்கே வந்துவிடும். கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும், ஓட்டத்தின் வேகமும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஈரக் கை நழுவும். பதறிச் சுண்டி இழுத்தால் இந்த வயசில் முழங்கை மூட்டு விலகும். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் போகவே வேண்டாம். வீட்டிலேயே ஒரு சொம்பு தண்ணீரும் கலந்த சாதமும் வைத்துக் கும்பிட்டாலும் காவிரி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கொஞ்சம் தள்ளி

மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 25 ஏக்கர், 2015-ல் திறந்தது. ஆட்டோவில் போய் வரலாம். பூச்சிகள் வெயில் பட்டுச் சூடேறினால்தான் பறக்கும். அதனால் மேகமூட்டமான நாளில் போனால் செடியைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். ஐப்பசி மழை விட்டு வெயில் வந்த காலைகள் நல்லது. கிளம்புவதற்கு முன் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். இலைமேல் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தால் அது புழு. மருந்து அடிக்காமல் விட்டால் பச்சையாகி, கூடு கட்டி, ஒருநாள் பறக்கும். எங்கள் கொல்லையில் செடி மொட்டையானது, மாமிக்கு வருத்தம்தான்.

பையில் அதிகம் வேண்டாம்: கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு டிபன் பாக்ஸில் பொடி இட்லி, பூவன்பழம், இரண்டு செட் துணி, ஒரு பழைய வேட்டித் துண்டு. அந்தத் துண்டுதான் விரிப்பு, குடை, துவாலை, அவசரத்துக்குத் தூளி. தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், விட்டுவிடுங்கள்.

காவிரி மேலணை இருக்கும் முக்கொம்பு, திருச்சியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். நிழலும் ஊஞ்சலும் இருக்கிறது. ஆனால் போக வர நேரம் கணக்கிட்டுப் பகல் தூக்கத்துக்குள் திரும்ப முடியுமென்றால் மட்டும் போங்கள். திரும்பும் வழியில் காரில் தூங்கிவிட்டால் ராத்திரி பதினொன்று வரைக்கும் உங்களுக்குத் தூக்கமில்லை.

மலைக்கோட்டைக்கு அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளலாம். மேலே நானூறுக்கு மேல் படி. அவள் முதல் இருபதை ஆசையாக ஏறிவிட்டு "தூக்கு" என்பாள். மீதிப் படிகளைப் பன்னிரண்டு கிலோவோடு நீங்கள் ஏறி, அதே பன்னிரண்டு கிலோவோடு இறங்க வேண்டும். இறங்குவதுதான் கஷ்டம்.