பிக்கப்பைத் தூக்கும் முன் டயரை முடிவு செய்யுங்கள்

கோலாலம்பூரில் பிக்கப் வாங்கும் நம்மவர்கள் பலர் முதல் மாதமே பட்டறையில் கேட்கும் கேள்வி, "எத்தனை இஞ்ச் தூக்கலாம், பாஸ்?" என்பதுதான். பெரும்பாலான தவறுகள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன. வண்டி எங்கே ஓடப் போகிறது, அதற்கு எந்த டயர் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த டயர் உரசாமல் சுற்ற எவ்வளவு உயரம் தேவையோ, அவ்வளவு தூக்கினால் போதும்.

வண்டியைத் தூக்கும் உதிரிப்பாகங்களான லிஃப்ட் கிட் போட்டால் மேலே போவது வண்டியின் உடல் மட்டுமே. பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். உலு லங்காட் பக்கம் செம்மண் பாதையில் பெரும்பாலும் அதுதான் முதலில் கல்லில் இடிக்கும். அதை உயர்த்த டயரால்தான் முடியும். 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. 285/70 ஆர்17 போட்டால் 831 மி.மீ. வித்தியாசம் 55 மி.மீ., அதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும். பலரும் இந்தக் கணக்கைப் பார்க்காமலேயே 4 இஞ்ச் கிட்டுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

என் முதல் பிக்கப்பில் நானும் அவசரப்பட்டேன். முன் அப்சோர்பரின் தலையில் ஸ்பேசர் என்ற இடைத்துண்டை வைத்து 3 இஞ்ச் தூக்கினார்கள், செலவு குறைவு. ஆனால் முன்சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் செங்குத்தான கோணத்தில் மடங்கியே சுழன்றது. சில மாதங்களில் அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்தது. சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் மேல் கையை மாற்றாததால் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணம்) சரியாக வரவில்லை, டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோனது. மிச்சப்படுத்திய பணத்தைவிட அதிகம் செலவானது. இன்று யார் கேட்டாலும், 2 இஞ்சுக்குள் நில்லுங்கள், ஸ்பேசருக்குப் பதில் சரியான ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் போடுங்கள் என்பேன். அதற்கு மேல் போனால் மேல் கை, பிரேக் ஹோஸ் நீளம், டிரைவ் ஷாஃப்ட் கோணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கிலும் இதே அவசரம். எப்போதும் 300 கிலோ ஏற்றுபவருக்கான ஸ்பிரிங்கை, காலியாக ஓடும் வண்டியில் போட்டால் ஒவ்வொரு பம்பிலும் பின்பக்கம் துள்ளும். ஈரச் சாலையின் வளைவில் அது ஆபத்து.

டயரில் ஆசைப்பட்டு மட் டயர் வாங்குவது இன்னொரு தவறு. வாரத்தில் ஐந்து நாள் பெடரல் நெடுஞ்சாலை, மாதம் ஒரு முறை ரவூப் டுரியான் தோட்டம் என்றால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி டயரே போதும். மட் டயரின் அகலமான பள்ளங்கள் சேற்றுக்கு நல்லவை. ஆனால் தாரில் பதியும் ரப்பர் குறைவு. மாலை மழையில் பிரேக் அடிக்கும்போது அது புரியும். அப்புறம், டயரின் பாரக் குறியீட்டைப் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிடக் குறைவானதை வாங்கவே வேண்டாம்.

மேலே சொன்ன பெரிய டயரைப் போட்டால், மீட்டர் அதே எண்ணைக் காட்டினாலும் வண்டி முன்பைவிட 7 விழுக்காடு வேகமாக ஓடும். 110 வேக வரம்புச் சாலையில் இது மறந்துபோகும். எடை கூடுவதால் பிரேக்கும் சற்றுத் தாமதமாகப் பிடிக்கும், டீசலும் கூடும். தீபகற்பத்தில் 2024 ஜூனில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆன பிறகு, இதை அலட்சியம் செய்ய முடியாது.

வேலை தொடங்கும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யிடம் எதற்கு அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றத்தால் விபத்துக் கோரிக்கை சிக்கலாகலாம். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைச் சோதனையில் சம்மன் வரும்.

முன் கேமரா, ரேடார் உள்ள புதிய வண்டிகளில் உயரம் மாறினால் அவற்றை மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஹெட்லைட்டை இறக்கிவைக்கும்படி பட்டறையில் நீங்களே கேளுங்கள். மூக்கு உயர்ந்த பிக்கப்பின் வெளிச்சம், பெந்தோங் பழைய சாலையில் இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணில்தான் நேராக அடிக்கும்.