பள்ளி நிர்வாகத்தில் முனைவர் பட்டம்: டெல்டா ஆசிரியர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பிஎச்.டி. செய்ய ஆசைப்படும் ஆசிரியர்கள் முதலில் விசாரிப்பது எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்றுதான். என்னைக் கேட்டால், எந்தக் கேள்விக்கு விடை தேடப்போகிறோம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

படி 1: தகுதி

நம் பக்கத்தில் இது பெரும்பாலும் கல்வியியல் பிஎச்.டி.யாகவே கிடைக்கும், பள்ளி நிர்வாகம் என்பது ஆய்வுத் தலைப்பில்தான் வரும். பொதுவாக எம்.எட். அல்லது எம்.ஏ. கல்வியியலில் 55 விழுக்காடு கேட்பார்கள். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. தொலைதூரக் கல்வியில் பிஎச்.டி.யைப் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) அனுமதிப்பதில்லை. அப்படி விளம்பரம் வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

படி 2: கேள்வி

இதற்குச் சில மாதங்கள் போனாலும் பரவாயில்லை. 'தலைமையாசிரியரின் தலைமைப்பண்பும் ஆசிரியர்களின் பணிநிறைவும்' போன்ற தலைப்புகளில் ஏற்கெனவே நிறைய ஆய்வேடுகள் வந்துவிட்டன. உங்கள் பள்ளியைச் சுற்றிப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அப்போது பொதுத்தேர்வுக்கு நான்கு மாதம்கூட இல்லை. கடலோர மேல்நிலைப் பள்ளிகள் இழந்த வகுப்புகளை எப்படி ஈடுகட்டின? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். இன்று ஒரு மேல்நிலைப் பள்ளியில் கட்டடப் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, அது ஏட்டளவில் இருக்கிறதா, நடைமுறையிலும் இருக்கிறதா? இதை ஆராய இந்த மண்ணின் ஆசிரியர்கள் முன்வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி பிடிபட்டதும் அதைச் சுருக்குங்கள்: ஒரு மாவட்டம், ஒருவகைப் பள்ளிகள், குறிப்பிட்ட சில ஆண்டுகள். அப்புறம், விடை எந்தப் பதிவேட்டில் கிடைக்கும் என்று பாருங்கள். வருகைப் பதிவேடு, கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸ் தரவு, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகம் என எதிலுமே தடயம் இல்லையென்றால் தலைப்பை மாற்றுவதே நல்லது.

படி 3: நெறியாளர்

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், கொள்ளிடம் தாண்டினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என நான்கிலும் கல்வியியல் துறை இருக்கிறது. அங்கே வந்த ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்தில் படித்துவிட்டு நெறியாளரை அணுகுங்கள். ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியர் 8 ஆய்வு மாணவர்களையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் அதிகபட்சம் வழிநடத்தலாம். அதனால் இடம் காலியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதியவரைச் சேர்க்க முடியாது.

படி 4: சேர்க்கை

பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்யலாம்; துறையின் தடையின்மைச் சான்று கட்டாயம். அது கைக்கு வர நாளாகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம். சேர்ந்தபின் குறைந்தது 12 கிரெடிட் பாட வகுப்புகள் உண்டு. படிப்புக் காலம் 3 முதல் 6 ஆண்டுகள்.

படி 5: களப்பணி

பள்ளிகளுக்குள் போகும் முன் முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். மாணவர்களிடம் தகவல் திரட்டினால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். டிசம்பர் அரையாண்டுத் தேர்வும் மார்ச் பொதுத்தேர்வும் நடக்கும்போது தலைமையாசிரியரைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் வசதியான மாதங்கள். வினாநிரலை முதலில் இரண்டு மூன்று பள்ளிகளில் கொடுத்துச் சோதியுங்கள். நீங்களே தலைமையாசிரியராக இருந்தால் உங்கள் பள்ளியை மாதிரியில் சேர்க்க வேண்டாம். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் எப்படி மனம்விட்டுப் பதில் எழுதுவார்கள்?